பழைய விஆர் ஹெட்செட்டும் கறுப்புக் கிரானைட் தரையும்: ஒரு பழுதுநீக்கக் குறிப்பு

முதல் தலைமுறை பிளேஸ்டேஷன் விஆர் ஹெட்செட் (தலையில் மாட்டி மெய்நிகர் காட்சிக்குள் விளையாடும் கருவி) ஒன்றைப் பழைய பொருளாக வாங்கி, கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) விளையாட்டுக் கருவியில் ஒழுங்காக ஓடவைக்கும் வேலை இந்த மாம்பழப் பருவம் முடிவதற்குள் ஒருவழியாக முடிந்தது. மின் அடாப்டர், கேபிள் இணைப்பு, நெற்றிப் பஞ்சு, கன்ட்ரோலர் பேட்டரி என்று பழுதுகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்த பிறகும் படம் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. அந்தக் கடைசிக் குறை கருவிக்குள் இல்லை, அதை வைத்திருந்த அறைக்குள் இருந்தது. இதே கருவியைப் பழையதாக வாங்கி, படம் ஆடுகிறது என்பதற்காகத் திருப்புளியைக் கையில் எடுக்கப்போகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவும் என்று நம்புகிறேன்.

என்னிடம் உள்ளது 2016 அக்டோபரில் வெளிவந்த முதல் வடிவம். மாடல் எண் சியுஎச்-இசட்விஆர்1. உள்ளே 5.7 அங்குல ஓஎல்இடி திரை இருக்கிறது. ஒரு கண்ணுக்கு 960க்கு 1080 புள்ளிகள். தலையில் மாட்டும் பாகத்தின் எடை, கேபிள் நீங்கலாக, 610 கிராம். இதனுடன் உள்ளங்கை அகலத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரு கறுப்புப் பெட்டியும் வரும். விளையாட்டை இயக்குவது பிஎஸ்4 தான். இந்தப் பெட்டி படத்தை ஹெட்செட்டுக்கும் டிவிக்கும் பிரித்துக் கொடுத்து, முப்பரிமாண ஒலியையும் கவனித்துக்கொள்கிறது. 2023-இல் வந்த பிஎஸ் விஆர்2 இதைவிடப் பல வகையில் மேலானது என்றாலும் அது பிஎஸ்4-இல் ஓடாது. எங்கள் வீட்டில் இருப்பது பிஎஸ்4 என்பதால் பழையதைத் தேடினேன்.

பெங்களூரு எங்களுக்குச் சுமார் 90 கிலோமீட்டர். எஸ்பி ரோட்டுக் கடை ஒன்றில் ஹெட்செட், பெட்டி, கேமரா, கையில் பிடித்து அசைத்து விளையாடும், சார்ஜ் ஏறாத இரண்டு மூவ் கன்ட்ரோலர்கள் எல்லாம் சேர்ந்து 6,000 ரூபாய்க்குக் கிடைத்தன. அடாப்டர் இல்லை. கடைக்காரர் சிசிடிவி அடாப்டர் ஒன்றை மாட்டிக் காட்டினார். திரை ஒளிர்ந்து, சில விநாடிகளில் அணைந்தது. அந்தச் சில விநாடிகளில் நான் பார்த்துக்கொண்டது திரையில் எரிந்த புள்ளிகள் உள்ளனவா என்பதைத்தான். இந்த ஹெட்செட்டின் லென்சுகள் பூதக்கண்ணாடியின் வேலையைச் செய்பவை. ஜன்னலோரம் லென்ஸ் வெயிலைப் பார்த்தபடி வைக்கப்பட்டிருந்தால், சூரிய ஒளி குவிந்து திரையைச் சுட்டுவிடும். அந்தச் சூட்டுப் புள்ளியை எந்த மெக்கானிக்காலும் போக்க முடியாது. மற்ற எல்லாப் பழுதுக்கும் வழி உண்டு, இதற்குக் கிடையாது என்பதால், பழைய ஹெட்செட் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதுதான். கைபேசி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து லென்சுகளின் கீறலையும் பார்த்தேன். வலது லென்சின் ஓரத்தில் மெல்லிய கீறல் ஒன்று இருந்தது, பார்வைக்குக் குறுக்கே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதலில் எடுத்தது மின்சாரம். பெட்டிக்கு 12 வோல்ட், 3 ஆம்பியர் தேவை. கடைக்காரர் இரக்கப்பட்டுக் கொடுத்தனுப்பிய சிசிடிவி அடாப்டரில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது சுமை இல்லாத நிலையில் 12.2 வோல்ட் காட்டியது; ஹெட்செட் திரை உயிர்பெறும் கணத்தில் 11-க்குக் கீழே இறங்கி, பெட்டி தானாக அணைந்தது. ஆக, கடையில் ‘படம் நிற்பதில்லை’ என்று சொல்லப்பட்ட பழுதில் ஒரு பாதி வெறும் அடாப்டர் குறைபாடு. பெட்டியையே பையில் போட்டுக்கொண்டு இங்குள்ள சிசிடிவி பொருத்தும் கடைக்குப் போய், அடிப்பக்கத்தில் அச்சிட்டுள்ள துருவக் குறியைச் சரிபார்த்து, பின் ஆடாமல் இறுகப் பொருந்தும் 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டரை 450 ரூபாய்க்கு வாங்கினேன். வோல்ட் மாறாதிருக்க ஆம்பியர் கூடுதலாக இருப்பதில் தீங்கில்லை. குறைவாக இருப்பதுதான் தொல்லை. பின் பொருந்துகிறதா என்பதைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே பார்ப்பது நல்லது, ஏனென்றால் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் பின்கள் உள்துளை அளவில் வேறுபடுகின்றன.

அடாப்டர் மாறியதும் பெட்டி அணைவது நின்றது. ஆனால் தலையை வலப்பக்கம் திருப்பினால் படம் மறைந்தது. ஹெட்செட்டை மேசைமேல் அசையாமல் வைத்துவிட்டு, கேபிளைத் தலைப்பக்கத்திலிருந்து பெட்டிப்பக்கம் வரை ஒரு சாண் ஒரு சாணாகப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தேன். இந்த மாடலில் ஹெட்செட்டிலிருந்து வரும் குட்டைக் கேபிளில் ஒலி கூட்டும் சிறு ரிமோட்டும், அதன் முனையில் நீளக் கேபிளோடு சேரும் ஒரு இணைப்பும் உண்டு. பழுது அந்த இணைப்பில்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தால் தொடுமுனைகளில் பச்சை படிந்திருந்தது. முந்தைய உரிமையாளரின் வியர்வையாக இருக்கலாம், ஈரமான இடத்தில் வைத்திருந்ததாகவும் இருக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பல்துலக்கியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் நன்றாக உலரவிட்டு, முக்கோணம், வட்டம் முதலான குறிகள் பொருந்துமாறு மீண்டும் மாட்டினேன். படம் மறையாமல் நின்றது.

ஆனாலும் கேபிளைச் சுண்டி இழுத்தால் இன்னும் ஒருமுறை கண்சிமிட்டியது. நீளக் கேபிளின் எடை முழுவதையும் அந்த இணைப்பே தாங்குவதுதான் காரணம். புதுக் கேபிள் தேடுவதற்கு முன் எடையை இறக்கிப் பார்க்கலாம் என்று, 60 ரூபாய்க்கு ஒரு வெல்க்ரோ பட்டை வாங்கி, இணைப்புக்கு ஒரு சாண் கீழே கேபிளைச் சுற்றி, விளையாடுகிறவரின் இடுப்புப் பட்டையோடு சேர்த்துக் கட்டினேன். இழுப்பு இப்போது இடுப்பில் விழுகிறது. இணைப்பு தளர்வாகத் தொங்குகிறது. அதன் பிறகு படம் மறையவே இல்லை. கேபிள் மாற்றும் செலவு மிச்சமானது.

அடுத்தது நெற்றிப் பஞ்சு. பழைய வினைல் உறை பட்டுப்போய், கறுப்புச் செதில்களாக நெற்றியில் ஒட்டிக்கொண்டது. ராயக்கோட்டை சாலையில் பைக் சீட் உறை தைக்கும் கடை ஒன்றுக்கு வளையத்தை எடுத்துப் போனேன். “அண்ணே, இதுக்கு எந்தப் பஞ்சு போட்டா வேர்வையில வீணாவாது?” என்று கேட்டபோது, அவர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, அமுங்கி உடனே எழும் அடர்ந்த பஞ்சு ஒன்றை எடுத்து வைத்தார். முதலில் 10 மிமீ தடிமனில் வெட்டி ஒட்டினோம். மெத்தென்று இருந்தது, ஆனால் லென்சுகள் கண்ணிலிருந்து விலகி நின்றன. காட்சி ஒரு ஜன்னலுக்கு அப்பால் இருப்பதுபோல் சுருங்கி, கீழிருந்து வெளிச்சமும் நுழைந்தது. இரண்டு லென்சுகளுக்கும் இடையே, யாரேனும் மாட்டியிருக்கிறார்களா என்று கண்டறியும் சென்சார் ஒன்று உண்டு. முகம் விலகி நின்றதால் அதுவும் இடையிடையே ஏமாந்து திரையை அணைத்தது. 6 மிமீ பஞ்சுக்கு மாறியதும் எல்லாம் சரியாயிற்று.

மேலுறைக்கு ரெக்சின் போட்டதில் எனக்குத் திருப்தி இல்லை. சித்திரை வெயிலில் அரைமணி நேரம் விளையாடினால் ரெக்சினுக்கும் நெற்றிக்கும் இடையே வியர்வை தேங்கி, வழிந்து, லென்சில் ஆவியாகப் படிகிறது. ரெக்சினை அப்படியே விட்டு, அதன்மேல் பழைய பனியன் துணியில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த கழற்றக்கூடிய உறை ஒன்றை மாட்டியிருக்கிறேன். இரண்டு உறைகள் இருக்கின்றன. ஒன்று துவைக்கப் போனால் மற்றது தலையில் இருக்கும். பஞ்சு, ரெக்சின், கூலி எல்லாம் சேர்ந்து 220 ரூபாய். ரப்பர் பசையின் ஆவி லென்சில் படாமலிருக்க, வளையத்தைத் திண்ணையில் ஓர் இரவு முழுவதும் உலரவைத்த பிறகே வீட்டுக்குள் கொண்டுவந்தேன். லென்சுகளைத் துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும்தான். அவை பிளாஸ்டிக் என்பதால் ஆல்கஹாலை அவற்றின் பக்கம் கொண்டுபோகவில்லை. அதற்கும் முன்னதாகக் காற்றுக் குப்பியால் தூசியை ஊதிவிட வேண்டும். கல் அறுக்கும் பட்டறைகள் உள்ள ஊர்ப்பக்கம் தூசியிலேயே கல் துகள் இருக்கும். ஊதாமல் துடைத்தால் துணியே உப்புத்தாளாகிவிடும்.

மூவ் கன்ட்ரோலர்களைத் திறந்து பேட்டரி முனைகளில் மீட்டர் வைத்தபோது ஒன்றில் 0.4 வோல்ட், மற்றொன்றில் 1.1 வோல்ட் காட்டியது. இவை 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரிகள். இவ்வளவு ஆழமாக இறங்கியதை வலிந்து சார்ஜ் ஏற்றுவது வீக்கத்துக்கும் தீக்கும் வழி என்பதால், அந்த முயற்சியில் இறங்கவே இல்லை. இணையத்தில் அதே அளவு பேட்டரிகள் இரண்டு 1,100 ரூபாய்க்குக் கிடைத்தன. பிளக் பொருந்தினாலும் கம்பியின் நிறத்தை மட்டும் நம்பாமல், மீட்டரில் கூட்டல், கழித்தல் முனைகளைப் பார்த்துவிட்டே மாட்டினேன். மூடிய பிறகு கைபேசி சார்ஜரில் போட்டால் விளக்கே எரியவில்லை. புது பேட்டரியும் போயிற்றோ என்று சந்தேகப்பட்டு, மீண்டும் திறப்பதற்கு முன் பிஎஸ்4-இன் யூஎஸ்பி துளையில் செருகிப் பார்த்ததும் சிவப்பு விளக்கு மெல்ல மினுங்கி, சார்ஜ் ஏறத் தொடங்கியது. என்னிடமுள்ள பழைய மூவ்களுக்கு மினி யூஎஸ்பி கேபிள் வேண்டும். பழைய டிஜிட்டல் கேமராவின் கேபிள் இதற்குப் பயன்பட்டது. இறந்த பேட்டரிகளைக் குப்பையில் போடாமல், மின்கழிவு சேகரிக்கும் கைபேசிக் கடையில் கொடுத்தேன்.

இத்தனைக்கும் பிறகு, எல்லாவற்றையும் இணைத்து அக்கா மகனிடம் கொடுத்தேன். இந்தக் கருவி 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உரியதல்ல என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார், அவனுக்கு 14. சில நிமிடங்களில் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, “மாமா, நான் உக்காந்த எடத்துலயேதான் இருக்கேன், ஆனா தரை மட்டும் தள்ளித் தள்ளிப் போவுது, தலை சுத்துது” என்றான். நான் மாட்டிப் பார்த்தேன். காட்சி முழுவதும் சிறிதாக நடுங்கியது. சில சமயம் ஒரு பக்கமாக நழுவி, திடீரென்று பழைய இடத்துக்குத் துள்ளி வந்தது. விஆரில் இது சிறு குறை அல்ல. டிவியில் படம் நடுங்கினால் கண் மட்டும் சலிக்கும். தலையில் மாட்டிய திரையில் நடுங்கினால் வயிறு புரட்டும்.

இங்கேதான் நேரம் அதிகம் செலவானது. முதலில், தலை திரும்புவதை உணரும் ஜைரோ சென்சாரைச் சந்தேகித்தேன். ஹெட்செட்டை இயக்கும்போது மடியில் வைத்திராமல், சமமான மேசைமேல் சிறிது நேரம் அசையாமல் விட்டுவைத்தால் ஒரு பக்கமாக நழுவுவது குறையும் என்று தெரிந்து அப்படியே செய்தேன். நழுவல் உண்மையிலேயே குறைந்தது. நடுக்கமும் துள்ளலும் போகவில்லை. பிறகு யூஎஸ்பி கேபிளை மாற்றினேன், எச்டிஎம்ஐ கேபிளை மாற்றினேன், பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்தேன். எதிலும் மாற்றம் இல்லை. ஹெட்செட்டைத் திறந்து பார்க்கலாம் என்று திருப்புளிகளை எடுத்து வைத்த பிறகு, கேமராவுக்கு என்னதான் தெரிகிறது என்று ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

இந்த ஹெட்செட் தன் இடத்தைத் தானே அறிவதில்லை. அதன் உடலில் 9 நீல எல்இடி விளக்குகள் உள்ளன. முன்னும் பக்கவாட்டிலும் ஏழு, பின்தலையில் இரண்டு. டிவிக்கு மேல் வைத்த இரட்டைக்கண் கேமரா அந்த விளக்குகளைப் பார்த்து, தலை எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகிறது. எனவே அறையில் அவற்றைப் போன்ற வேறு வெளிச்சம் எது தெரிந்தாலும் கணக்கு தடுமாறும். பிஎஸ்4-இல் உள்ள இருப்பிடம் சரிபார்க்கும் திரையைத் திறந்தால் கேமராவின் காட்சியை அப்படியே டிவியில் காணலாம். நாற்காலியில் ஹெட்செட்டை வைத்துவிட்டு அந்தத் திரையைப் பார்த்தபோது எல்லாம் விளங்கிவிட்டது. நாற்காலியில் ஒரு ஹெட்செட். அதற்குப் பின்னால் இரும்பு பீரோவின் கண்ணாடிக் கதவில், பின்தலை விளக்குகளோடு இன்னொரு ஹெட்செட். கீழே தரையில் தலைகீழாக மூன்றாவது ஒன்று.

எங்கள் மாவட்டத்து வீடுகளில் மெருகேற்றிய கிரானைட் தரை சாதாரணம். பட்டறைகளில் மிஞ்சும் துண்டுப் பலகைகள் மலிவாகக் கிடைப்பதால், எங்கள் வீட்டிலும் அப்பா காலத்தில் கறுப்புக் கிரானைட் பதித்தார்கள். நீர் தெளித்துத் துடைத்தால் முகம் பார்க்கலாம். அந்த அழகுதான் கேமராவுக்குச் சங்கடம். கறுப்பு என்பதால் பிரதிபலிப்பு மங்கும் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் பின்னணி கறுப்பாக இருப்பதால் நீல விளக்குகள் இன்னும் துலக்கமாகத் தெரிகின்றன.

ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்தேன். முதலில் பீரோக் கண்ணாடிமேல் ஒரு போர்வையைப் போட்டேன். துள்ளல் நின்றது, நடுக்கம் சற்றுத் தணிந்தது. பிறகு நாற்காலிக்கும் டிவிக்கும் இடையே ஜமக்காளத்தை விரித்தேன். நடுக்கம் பெருமளவு அடங்கியது. மாலையில் கிழக்கு ஜன்னல் இருண்ட பிறகு இன்னும் நன்றாக இருந்தது, காலையில் கெட்டது; தடித்த திரைச்சீலை ஒன்று 650 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். அதற்கு மேலும் தலையை இடப்பக்கம் திருப்பும்போது மட்டும் சிறு நடுக்கம் ஒன்று மிஞ்சியது. கேமராக் காட்சியின் ஓரத்தை உற்றுப் பார்த்தால், பூஜை அலமாரியில் விநாயகர் படத்தைச் சுற்றி எரியும் சீரியல் விளக்கு. அதிலும் நீல நிறம் உண்டு. அதை அணைப்பதற்கு அம்மா சம்மதிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. கேமராவை ஓர் அங்குலம் வலப்பக்கம் திருப்பி, அலமாரியைக் காட்சிக்கு வெளியே தள்ளினேன். அத்துடன் நடுக்கம் முழுவதும் ஒழிந்தது. எடுத்து வைத்த திருப்புளிகள் மீண்டும் டப்பாவுக்குள் போயின.

பிறகு அளவுகளைச் சரிசெய்தேன். கேமராவிலிருந்து நாற்காலிக்கு 2 மீட்டர். டேப் வைத்து அளந்து, நாற்காலிக் கால்கள் நிற்கவேண்டிய இடத்தை ஜமக்காளத்தில் சாக்கட்டியால் குறித்திருக்கிறேன். அமைப்புகளில் விளக்குகளைச் சரிசெய்யும் பகுதியை, திரைச்சீலை மூடிய நிலையில் மறுபடி ஓடவிட்டேன். கண்களுக்கிடையிலான தூரத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அளந்துகொள்வது அவசியம். இந்த ஹெட்செட்டில் லென்சுகளை நகர்த்த முடியாது, கேமராவால் முகத்தைப் படமெடுத்து மென்பொருளில்தான் அளவு மாற்றப்படுகிறது. என் அளவில் அக்கா மகன் பார்த்தபோது எல்லாம் சற்று மங்கலாக இருந்தது. அவன் அளவை எடுத்த பிறகு, காரோட்டும் விளையாட்டில் டாஷ்போர்டு எழுத்துகளை வாசித்துக் காட்டினான்.

மொத்தச் செலவு: கடையில் கொடுத்த 6,000 ரூபாயோடு, அடாப்டர் 450, ஆல்கஹால் 180, வெல்க்ரோ 60, நெற்றிப் பஞ்சு 220, பேட்டரிகள் 1,100, திரைச்சீலை 650, ஆக 8,660 ரூபாய். ஜமக்காளமும் போர்வையும் வீட்டில் இருந்தவை. இதில் நடுக்கத்தை உண்மையில் போக்கியவை திரைச்சீலை, ஜமக்காளம், போர்வை, கேமராவின் ஓர் அங்குலத் திருப்பம் ஆகிய நான்கும்தான். மறுமுறை இப்படியொரு கருவி கைக்கு வந்தால், மின்சாரத்தைச் சரிபார்த்த உடனேயே கேமராக் காட்சியைத் திறந்து அறையைப் பார்ப்பேன். கேபிள்களை மாற்றுவதும் மென்பொருளைப் புதுப்பிப்பதும் அதற்குப் பின்னர்தான். கறுப்புக் கிரானைட் தரையும் கண்ணாடி பீரோவும் உள்ள வீடு என்றால் வாங்கும் முன்பே எந்த அறை, எந்தச் சுவர் என்று தீர்மானித்துக்கொள்வது இன்னும் நல்லது.

பிஎஸ்5 வைத்திருப்பவர்களும் இந்த ஹெட்செட்டை அதில் ஓட்டலாம். ஆனால் பிஎஸ்5-இன் எச்டி கேமரா இதற்கு உதவாது, பிஎஸ்4 கேமராவும் அதை யூஎஸ்பியில் இணைக்கும் தனி அடாப்டரும் வேண்டும். கேமரா இல்லாத செட்டை மலிவு என்று வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எச்டிஆர் (ஒளி, நிற வேறுபாடுகளைக் கூடுதலாகக் காட்டும் வசதி) டிவி உள்ளவர்கள் இதே ஹெட்செட்டின் இரண்டாவது மாடலான இசட்விஆர்2-வைத் தேடுவது நல்லது; இது மேலே சொன்ன பிஎஸ் விஆர்2 அல்ல. முதல் மாடலின் பெட்டி எச்டிஆரைக் கடத்தாது, எச்டிஆரில் விளையாட ஒவ்வொரு முறையும் கேபிளைக் கழற்றி மாட்டவேண்டியிருக்கும்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கேமரா டிவியின் மேல்விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் டிவியின் ஸ்பீக்கர் அதிர்வில் அதுவும் அதிர்கிறது. சுவரில் டிவிக்கு ஒரு சாண் மேலே எல் வடிவ இரும்புத் தாங்கி ஒன்றை அடித்து, கேமராவை அதில் தனியாக நிறுத்தப்போகிறேன்; வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்தாயிற்று, 150 ரூபாய் கேட்டிருக்கிறார்கள்.